குருத்தோலை ஞாயிறன்று தொலைந்த 21 நிமிடம்: ஒரு வானொலி நிகழ்ச்சியின் நிகழ்வு ஆய்வு

இது அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ஒரு சிறிய ஊரில், நேயர்கள் தரும் நன்கொடையில் ஓடும் ஒரு எஃப்எம் நிலையத்தில் நடந்தது. நான் அங்கே சம்பளமில்லாத தொண்டன். பகலில் வேறு வேலை, வாரத்தில் இரண்டு மாலை நிலையத்தில். ஞாயிறு காலை வரும் தேவாலய இசை நிகழ்ச்சியின் ஒலிக்கோப்பைச் சரிபார்த்து, நேரத்துக்கு ஒலிபரப்பாகும்படி ஏற்றி வைப்பது என் பொறுப்பு. ஊர், நிலையம், ஆட்கள் என்று எந்தப் பெயரும் இங்கே இல்லை. ஒரு வருடம், ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று, அந்த நிகழ்ச்சியின் கடைசி 21 நிமிடம் நேயர்களுக்குப் போய்ச் சேரவில்லை. நடந்த தவறில் ஒரு பெரிய பங்கு என்னுடையது. அதை மட்டும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதே போன்ற நிகழ்ச்சியைக் கையில் வைத்திருக்கிற யாருக்கும் இது நடக்கலாம்.

நிலையமும் நிகழ்ச்சியும்

நார்வேயிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து குடியேறிய லுத்தரன் சபையார் நிறைந்த மாநிலம் அது. சின்ன ஊர்ச் சபையில்கூட நாலு குரலில் பாடத் தெரிந்த ஆட்கள் இருப்பார்கள். நார்த்ஃபீல்டில் உள்ள செயின்ட் ஓலாஃப் கல்லூரியின் பாடகர் குழு 1912-இல் தொடங்கியது, இன்றைக்கும் அந்தப் பக்கத்துச் சபைகள் அந்தக் குழுவைத்தான் அளவுகோலாக வைத்துப் பேசும். ஆர்கன் (குழல்களில் காற்றடித்து ஒலிக்கும் பெரிய தேவாலயக் கருவி) இசைக்கென்றே ஒரு வார நிகழ்ச்சி, 'பைப்ட்ரீம்ஸ்', 1982-இல் நாடு முழுக்கப் போக ஆரம்பித்ததும் அங்கிருந்துதான். வானொலியில் பாடகர் குழு இசை என்பதே பழைய வழக்கம். பிபிசி 1926 முதல் மாலை ஆராதனையை ஒலிபரப்பி வருகிறது. ஆக, ஞாயிறு காலையில் வானொலியைத் திருப்பினால் ஆர்கனும் பாடகர் குழுவும் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஒரு கூட்டம் எங்களுக்கு நிச்சயமாக உண்டு.

நிகழ்ச்சி காலை 8 முதல் 9 வரை. நடத்துபவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, நாற்பது வருடத்துக்கு மேல் ஆர்கன் வாசித்தவர். ஓய்வு பெற்றுவிட்டாலும் பக்கத்து ஊர்ச் சபையில் எட்டரை மணி ஆராதனைக்கு இன்னும் அவர்தான் வாசிக்கிறார். தேவாலய இசை தெரிந்தவர்களுக்கு ஞாயிறு காலையில் நிலையத்தில் வந்து உட்கார நேரம் இருக்காது, எல்லாருக்கும் அவரவர் சபையில் வேலை. அதனால் வியாழன் மாலையே பேச்சும் இசையும் சேர்த்து ஒரு மணி நேரத்தை ஒரே கோப்பாகப் பதிவு செய்துவிடுவார். ஞாயிறு காலை கணினி அதை ஓட்டும். நிலையத்தில் ஆள் இருக்க மாட்டார்கள்.

இசைத் தேர்வு முழுக்கத் திருச்சபை ஆண்டை ஒட்டியது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் எக்காளம் கிடையாது, 'அல்லேலூயா' வருகிற எதுவும் கிடையாது, ஆர்கனில் உரத்த ரீட் குழல்கள் ஒலிக்கிற பதிவுகளை ஒதுக்கி வைப்பார். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் லைப்சிக் நகரில் வேலை பார்த்த காலத்தில் லெந்து ஞாயிறுகளில் கான்டாட்டா (குரலும் கருவிகளும் சேர்ந்த ஆராதனைப் பாட்டுத் தொகுப்பு) பாடுவது நிறுத்தப்பட்டிருந்ததை அவர் அடிக்கடி சொல்வார். அவ்வளவு பெரிய இசையாளரே வாயை மூடி உட்கார்ந்திருந்த வாரங்களில் நாம் மட்டும் ஏன் ஊத வேண்டும் என்பது அவர் கேள்வி. எனவே லெந்து தொடங்கியதும் நிகழ்ச்சி வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே போகும். குருத்தோலை ஞாயிறு மட்டும் விலக்கு. அன்று முதல் கால் மணி நேரம் ஓசன்னா என்னும் வாழ்த்துப் பாட்டு, ஊர்வலப் பாட்டு, பித்தளைக் கருவிகள். அதன்பின் அப்படியே இயேசு பட்ட பாடுகளுக்குள் இறங்கிவிடுவார்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும், இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. ஒரு பாட்டு முடிந்ததும் அவர் உடனே பேச மாட்டார். ஆரம்பத்தில் நான் அந்த இடைவெளிகளை வெட்டிச் சுருக்கிக் கொடுத்தேன். அவர் கோப்பைக் கேட்டுவிட்டு, "பாடுகிறவர்கள் முடித்த பிறகும் கட்டடம் பாடிக்கொண்டிருக்கும், அது முடிக்கட்டும்" என்றார். நான் திருநெல்வேலியில் ஒரு பழைய கிறிஸ்தவக் கோவிலில் ஆல்டோவில் (நாலு குரலில் மேலிருந்து இரண்டாவது) பாடி வளர்ந்தவன், குரல் உடைந்த பிறகு டெனார். பாமாலையின் கடைசி 'ஆமென்' மேற்கூரையில் போய் மோதித் திரும்பும்வரை யாரும் உட்காராமல் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அவர் சொன்னது உடனே புரிந்தது. அதற்குப் பிறகு ஒரு இடைவெளியையும் நான் தொடவில்லை.

ஜனவரியில் மாறியவை

அந்த வருடம் ஜனவரியில் ஒரு நிதியுதவி வந்தது. பதினைந்து வருடப் பழைய கருவிகளை எடுத்துவிட்டு, நிகழ்ச்சிகளைத் தானாக ஓட்டும் புது ஆட்டோமேஷன் மென்பொருள், ஒலியைச் சீராக்கி டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்பும் புது பிராசசர், அப்புறம் முதல்முறையாக ஒரு சைலன்ஸ் சென்சார் ஆகிய மூன்றும் பொருத்தினோம்.

சென்சாரின் வேலை எளிது. ஒலி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கி, குறிப்பிட்ட நொடிகள் அப்படியே இருந்தால், ஏதோ பழுதாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மாற்று ஒலிக்குத் தாவிவிடும், பொறியாளரின் போனுக்கு ஒரு செய்தியும் போகும். ஆளில்லாமல் ஓடுகிற நிலையத்துக்கு இது அவசியம். டிஜிட்டல் மீட்டரில் உச்சம் பூஜ்யம், மற்ற எல்லாம் மைனஸ். மைனஸ் 40 டெசிபல், 20 நொடி என்று வைத்தார்கள். பேச்சுக்கும் நாட்டுப்புற இசைக்கும் இது தாராளமான அளவு. யாரும் நிகழ்ச்சி வாரியாக யோசிக்கவில்லை. மாற்று ஒலியாக, பொருத்திய அன்று கையில் கிடைத்த ஒரு கோப்பைப் போட்டுவைத்தார்கள்: சனிக்கிழமை மாலை போல்கா நடன இசை நிகழ்ச்சியின் பழைய பதிவு. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது, அப்படியே நின்றுவிட்டது.

நான் செய்தது இது. புது மென்பொருளில், ஏற்றுகிற எல்லாக் கோப்பையும் ஒரே சராசரி உரப்புக்குக் கொண்டுவரும் வசதி இருந்தது. மைனஸ் 24 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் உரப்பை அளக்கும் அலகு) என்பது அமெரிக்கப் பொது வானொலி நிலையங்களுக்குள் நிகழ்ச்சிகளை அனுப்பும்போது வைத்திருக்கிற அளவு. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது வரும்போது நேயர் எழுந்துபோய் வால்யூமைத் திருப்ப வேண்டாம் என்பதற்காக. நான் அதை எல்லா நிகழ்ச்சிக்கும் போட்டேன், தேவாலய இசை உட்பட. அந்த அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

லெந்து நாட்களில் வந்த கடிதங்கள்

ஜனவரியில் ஒன்றும் தெரியவில்லை. பிப்ரவரி கடைசியில், லெந்து தொடங்கி இரண்டாவது ஞாயிறுக்குப் பிறகு முதல் கடிதம் வந்தது. பாடகர்கள் மூச்சு இழுப்பது காற்றடிப்பது போலக் கேட்கிறது என்று எழுதியிருந்தார் ஒருவர். இன்னொருவர், ஆர்கன் பெடல் (காலால் வாசிக்கும் ஆழ்ந்த சுரங்கள்) வரும்போதெல்லாம் பாட்டு உள்ளே அமுங்கிப் போகிறது, தன் ரேடியோவில் கோளாறா என்று கேட்டார். முதியோர் இல்லத்திலிருந்து ஒரு பணிப்பெண் போனில் சொன்னது வேறு மாதிரி: மெதுவான இடம் கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றினால், அடுத்த பாட்டில் ஆர்கன் முழங்கி எல்லாரும் திடுக்கிடுகிறார்கள்.

மூன்று புகாரும் உண்மை. புது பிராசசர் பேச்சுக்கும் கிட்டாருக்கும் ஏற்றபடி வைக்கப்பட்டிருந்தது. அமைதியான இடத்தைக் கண்டால் அது விறுவிறுவென்று ஒலியை ஏற்றும். துணைக்கருவி இல்லாமல் ஐம்பது பேர் மெல்லப் பாடும் இடத்தில் அப்படி ஏற்றினால், பாட்டோடு சேர்ந்து மூச்சும், ஸ்கோர் (இசைத்தாள்) புரட்டும் சத்தமும், தேவாலயத்துக்கு வெளியே போகிற வண்டிச் சத்தமும் மேலே வரும். பெடல் விஷயம் இன்னும் நுட்பமானது. ஆர்கனில் 16 அடிக் குழலின் மிகத் தாழ்ந்த 'சி' சுரம் நொடிக்கு ஏறத்தாழ 33 அதிர்வு. சமையலறை ரேடியோவின் சின்ன ஸ்பீக்கர் அதை ஒலிக்கவே செய்யாது. ஆனால் பிராசசர் அதைப் பார்க்கும், பெரிய ஒலி வந்துவிட்டது என்று மொத்தத்தையும் அமுக்கும். நேயருக்குப் பெடல் கேட்பதில்லை, பாடகர் குழு காரணமில்லாமல் பின்வாங்குவது மட்டும் கேட்கும். (32 அடிக் குழல் நொடிக்குப் பதினாறு அதிர்வுக்குப் போகிறது, எஃப்எம் ஒலிபரப்பில் அந்த ஆழம் போய்ச் சேர்வதே இல்லை.)

பொறியாளர் மூன்று நிலையங்களுக்குப் பொறுப்பானவர், இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறார். அவரும் மேலாளரும் நானும் போனில் பேசினோம். பிராசசரைத்தான் சரிசெய்ய வேண்டும், ஈஸ்டர் முடிந்து ஏப்ரலில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. நேயர்கள் சொன்னது எல்லாம் பிராசசரைப் பற்றியது என்பதால் நாங்களும் அதை மட்டுமே பார்த்தோம். நிகழ்ச்சி இவ்வளவு அமைதியாகப் போகிறதே, சென்சார் இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த அம்மாவைப் போனில் சேர்க்கவும் இல்லை.

குருத்தோலை ஞாயிறு, காலை 8:39

அன்று நான் வீட்டில் ரேடியோ போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓசன்னா பாட்டும் பித்தளைக் கருவிகளும் முழுச் சபையும் சேர்ந்து எட்டே கால் வரை வீடு அதிர்ந்தது. அதன்பின் மெல்ல இறங்கியது. எட்டரையைத் தாண்டியதும் அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் 'அக்னுஸ் தேயி', தந்திக் கருவிகளுக்கான தம் 'அடாஜியோ'வை அவரே 1967-இல் பாடகர் குழுவுக்காக மாற்றி எழுதியது. தேவ ஆட்டுக்குட்டியே, எங்களுக்கு இரங்கும் என்ற வார்த்தைகள். கேட்காத அளவுக்கு மெல்லத் தொடங்கி, குரல் மேல் குரலாக ஏறி, இதற்கு மேல் மனிதத் தொண்டையில் இடமில்லை என்கிற உயரத்தில் போய் நின்று, சட்டென்று ஒரு மௌனம். அதற்குப் பிறகு அடங்கிய குரலில் சில சுரக்கட்டுகள், அப்புறம் தொடக்கத்தின் ராகம் திரும்ப வந்து தேய்ந்து போகும்.

அது தேய்ந்தது. கட்டடம் முடித்தது. அந்த அம்மா ஐந்து எண்ணுகிற இடைவெளி வந்தது. அடுத்து அவர் பேசவில்லை, வேண்டுமென்றே பேசாமல் நேரே பாக்கின் 'ஓ மென்ஷ், பெவைன் டைன் சூண்டே க்ரோஸ்' ஆர்கன் கோராலுக்கு (ஒரு பாமாலை ராகத்தை ஒட்டி எழுதிய இசை) போனார், பாக் படைப்புப் பட்டியலில் எண் 622. மெல்லிய ஸ்டாப்பில் (குழல் வரிசையில்), தூரத்தில் வாசிப்பது போன்ற பதிவு. முதல் இரண்டு சுரம்தான் கேட்டேன். பிறகு அக்கார்டியன்.

மேசையில் காப்பிக் கோப்பையை வைக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. டூபாவும் கிளாரினெட்டும் சேர்ந்து வந்தன, யாரோ கைதட்டினார்கள். சில நொடி, பக்கத்து நிலையம் குறுக்கே வருகிறது என்றே நினைத்தேன். எண்ணைப் பார்த்தேன், எங்கள் நிலையம்தான்.

அந்த அம்மா ஆர்கன் முன்னால் இருந்தார், போன் பைக்குள். பொறியாளர் எடுக்கவில்லை, அவருக்குச் செய்தி போயிருந்தது, ஆனால் அவரும் தன் சபையில் இருந்தார். தொலைவிலிருந்து உள்ளே நுழையும் கடவுச்சொல் அவரிடம் மட்டும். சென்சார் ஒருமுறை தாவிவிட்டால் ஆள் போய்த்தான் திருப்ப வேண்டும் என்று வைத்திருந்தார்கள். என்னிடம் கதவுச் சாவி இருந்தது. பனி உருகிய சாலையில் 25 நிமிடம் ஓட்டிக்கொண்டு போனபோது மணி 9:04. நிகழ்ச்சி முடிந்தே விட்டது. பாக்கின் 'மத்தேயு பாடுகள்' என்ற இசைப் படைப்பின் கடைசிக் கோரஸ், கண்ணீரோடு கல்லறையருகே உட்காருகிற இடம், அதோடு முடித்திருந்தார். 21 நிமிடம் யாரும் கேட்கவில்லை.

நிலையத்தின் தொலைபேசிப் பதிவுக் கருவியில் 14 செய்திகள். கோபமாகப் பேசியவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் என்ன ஆயிற்று என்று கவலையோடு கேட்டிருந்தார்கள், அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. முதியோர் இல்லத்துப் பணிப்பெண்ணின் குரலும் அதில் இருந்தது. நடக்க முடியாத பன்னிரண்டு பேருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் ஆராதனை, ரேடியோவை அணைத்துவிட்டு ஒருவர் இருபத்திரண்டாம் சங்கீதத்தை வாசித்தார், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

காரணம்

அன்று மாலையே சென்சாரின் பதிவேட்டையும் கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு முதலில் புரியாதது இதுதான்: லெந்து முழுக்க இதைவிட அமைதியான நிகழ்ச்சிகள் போயிருக்கின்றன, அப்போதெல்லாம் தாவாத சென்சார் இன்றைக்கு மட்டும் ஏன் தாவியது?

விடை நான் போட்ட சராசரியில் இருந்தது. எல்யூஎஃப்எஸ் அளவு கோப்பின் எல்லா நொடியையும் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. சராசரியைவிட 10 அலகுக்குக் கீழே போகிற அமைதியான பகுதிகளைக் கணக்கிலிருந்து தள்ளிவிடும். பேச்சு நிகழ்ச்சிக்கு அது நல்ல ஏற்பாடு, பேச்சுக்கு நடுவில் வரும் இடைவெளிகள் கணக்கைக் கெடுக்காது. எங்கள் கோப்பிலோ முதல் கால் மணி நேர ஓசன்னாதான் கணக்கை முழுக்க எடுத்துக்கொண்டது. மொத்தம் மைனஸ் 19 என்று வந்தது. மென்பொருள் அதை மைனஸ் 24-க்குக் கொண்டுவர கோப்பு முழுவதையும் 5 டெசிபல் இறக்கியது. ஓசன்னாவுக்கு அது தேவைதான். ஆனால் பாடுகளின் பகுதியும் அதே 5 டெசிபல் இறங்கியது. மைனஸ் 37 அளவில் தேய்ந்திருக்க வேண்டிய 'அக்னுஸ் தேயி'யின் முடிவு மைனஸ் 42-க்குப் போனது. அதோடு அந்த அம்மாவின் இடைவெளி, அதோடு பாக்கின் மெல்லிய தொடக்கம். 20 நொடி தாண்டியது. முந்தைய ஞாயிறுகளில் மணி நேரம் முழுக்க அமைதி என்பதால் சராசரியே தாழ்ந்திருந்தது, மென்பொருள் கோப்பை ஏற்றித்தான் விட்டது, தப்பித்தோம்.

சென்சார் பிராசசருக்கு முன்னால் இருந்தது என்பதும் ஒரு காரணம். பிராசசர் ஏற்றிக்கொடுத்த ஒலியை அது பார்க்கவே இல்லை. லெந்து முழுக்க நேயர்களுக்கு அதிகமாக ஏற்றப்பட்டதாகக் கேட்ட அதே இசை, சென்சாருக்கு மௌனமாகத் தெரிந்தது.

அந்த அம்மாவிடம் திங்கள் காலை போய் நேரில் சொன்னேன். சராசரி போட்டது நான், உங்களிடம் கேட்காமல் போட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஸ்கோரை எடுத்துவந்து எந்த அளவில் எது போனது என்று காட்டச் சொன்னார்.

அந்த வாரத்துக்குள் எடுத்த முடிவுகள்

செவ்வாய் மாலை நாலு பேரும் பேசினோம், இந்த முறை அந்த அம்மாவும். மேலாளர் முதலில் சொன்னது, ஞாயிறு காலை மட்டும் சென்சாரை அணைத்துவிடுவோம் என்று. பொறியாளர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆளில்லாத நேரம்தான் அது, அப்போதுதானே சென்சார் வேண்டும், கணினி உண்மையிலேயே நின்றுபோனால் ஒன்பது மணி வரை வெறும் காற்று போகும் என்றார். அவர் சொன்னது சரி.

நான் ஒரு யோசனை சொன்னேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இதே பாட்டுகளுக்குக் கொஞ்சம் உரத்த பதிவுகளைத் தேர்ந்தெடுக்கலாமா, இடைவெளியை மூன்று நொடிக்குக் குறைக்கலாமா என்று கேட்டேன். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "உன் கருவிக்காக நான் லெந்துவைச் சத்தமாக்க முடியாது" என்றார். பொறியாளரும் அவர் பக்கம்தான் நின்றார். இசை சரியாக இருக்கிறது, கருவியை அதற்கு ஏற்றபடி வைக்கவில்லை, மாற வேண்டியது கருவி என்றார்.

எடுத்த முடிவுகளில் முதலாவது, ஞாயிறு 8 முதல் 9 வரை சென்சாருக்குத் தனி அளவு: மைனஸ் 55 டெசிபல், 60 நொடி. எந்த மெல்லிய பாட்டும் அவ்வளவு நேரம் அவ்வளவு கீழே இருக்காது. உண்மையான பழுது இருந்தால் 40 நொடி கூடுதலாக மௌனம் போகும், அதை ஏற்றுக்கொள்கிறோம் என்று மேலாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது, அந்த நிகழ்ச்சிக்குத் தானியங்கிச் சராசரி கிடையாது. மூன்றாவது, பிராசசரில் அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறு அமைப்பு, மிக மெதுவாக ஏற்றி இறக்குவது, பெடல் அலைவரிசை மற்றதை அமுக்காதபடி. நாலாவது, மாற்று ஒலியாக அந்த அம்மாவே ஒரு மணி நேர ஆர்கன் இசை பதிவு செய்து தருவார். கடவுச்சொல் மேலாளருக்கும் எனக்கும் தரப்பட்டது, அது பேசவே தேவையில்லாத விஷயம்.

சிக்கல் நின்றது ஒரு இடத்தில். அந்த அம்மா ஒலியைத் தொடவே கூடாது, பதிவு எப்படி இருக்கிறதோ அப்படியே போகட்டும் என்றார். பொறியாளர் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. எஃப்எம்மில் ஒலி மெலிந்தால், நிலையத்திலிருந்து தூரத்தில் இருக்கிறவர்களுக்கு இரைச்சல்தான் கேட்கும். காரில் போகிறவருக்கு எஞ்சின் சத்தத்துக்கு அடியில் ஒன்றும் கேட்காது. முதியோர் இல்லத்தில் காது மங்கினவர்கள். இந்த நிகழ்ச்சி யாருக்காகவோ அவர்கள்தான் கேட்க முடியாமல் போவார்கள். அவர் நேரடியாக அப்படிச் சொன்ன பிறகு அந்த அம்மா இறங்கி வந்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு: ஏற்றுவதானால் ஆள் கையால் ஏற்ற வேண்டும், ஸ்கோரைப் பார்த்து.

இது பழைய முறைதான். நேரலைக் காலத்தில் ஸ்கோரைக் கையில் வைத்துக்கொண்டு, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நகர்த்தினவர்கள் உண்டு. மெல்லிய பகுதி தொடங்குமுன்பே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வைக்க வேண்டும், பெரிய முழக்கம் வருவதற்கு இரண்டு பக்கம் முன்பிருந்தே யாருக்கும் தெரியாமல் இறக்கிக்கொண்டு வர வேண்டும். கருவிக்கு நடந்த பிறகுதான் தெரியும், ஸ்கோர் வைத்திருப்பவருக்கு வரப்போவது தெரியும். இதில் இன்னொரு தலைவலியும் உண்டு. எங்கள் ஒலிபரப்பு இணையத்திலும் போகிறது. சட்டப்படியான இணைய உரிமத்தில் மூன்று மணி நேரத்துக்குள் ஒரே டிஸ்கிலிருந்து மூன்று ட்ராக்குக்கு மேல் போடக் கூடாது. அதனால் ஒரு மணி நேரத்துக்குள் ஏழெட்டு டிஸ்கிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு தேவாலயம், வேறு பொறியாளர், வேறு அளவு.

சனிக்கிழமை இரவுச் சோதனை

பெரிய வெள்ளிக்கு அடுத்த நாள் இரவு பதினொரு மணிக்கு மேல், நிலையத்தில் வேறு நிகழ்ச்சி இல்லாத நேரத்தில், அதே 'அக்னுஸ் தேயி'யை ஓட்டிப் பார்த்தோம். வியாழன் மாலை நாங்கள் இருவரும் உட்கார்ந்து கையால் சரிசெய்த கோப்பு. அந்த அம்மா ஸ்கோரில் பென்சிலால் அம்புக்குறி போட்டிருந்தார், ஏற்ற வேண்டிய இடத்துக்கு மேல் நோக்கி, இறக்க வேண்டிய இடத்துக்குக் கீழ் நோக்கி. முழக்கத்துக்குப் பிறகு வருகிற மௌனத்தின் மேல் மட்டும் பெரிய வட்டம், அதற்குள் 'கை எடு' என்று எழுதியிருந்தார்.

நிலையத்துக்கு வெளியே என் காரில் உட்கார்ந்து கேட்டோம். முதலில் எஞ்சினை ஓட விட்டு, ஹீட்டர் விசிறியோடு. தொடக்கம் விசிறிச் சத்தத்துக்குச் சற்று மேலே கேட்டது, அவ்வளவுதான், ஆனால் கேட்டது. முழக்கத்தில் கார்க் கண்ணாடி அதிரவில்லை. மௌனம் வந்தபோது விசிறி மட்டும். அவர் கையை நீட்டி ஹீட்டரை அணைத்தார். அடுத்த சுரக்கட்டு வருவதற்குள் குளிர் உள்ளே வந்துவிட்டது, இருவரும் அசையவில்லை. முடிந்ததும் உள்ளே போய்ச் சென்சார் பதிவேட்டைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மாற்று ஒலி சரியாக வருகிறதா என்று கம்பியைப் பிடுங்கியும் பார்த்தோம். 60 நொடியில் ஆர்கன் வந்தது.

மறுநாள் ஈஸ்டர். அன்றைக்கு அமைதிக்கு இடமே இல்லை.

பின்பு நடந்தவை

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, தொலைந்த 21 நிமிடத்தை அந்த அம்மா திரும்ப ஒலிபரப்ப வேண்டும் என்று மேலாளர் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். அல்லேலூயா திரும்பி வந்த பிறகு பாடுகளைப் போட முடியாது, வருடம் சுற்றி வரும்போது போடுகிறேன் என்றார். அதற்குப் பதிலாக நிகழ்ச்சியின் தொடக்கத்தில் நடந்ததை ஒரு நிமிடத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டார். என் தவறு என்று சொல்லவில்லை, "எங்கள் தவறு" என்று சொன்னார். முதியோர் இல்லத்துக்கு மட்டும் அந்த ஒரு மணி நேரத்தை ஒரு டிஸ்கில் எடுத்துக் கொடுத்தார்.

மூச்சுச் சத்தப் புகார் நின்றது. பெடல் புகாரும் நின்றது. புதிதாக ஒன்று வந்தது: மற்ற நிகழ்ச்சிகளை விட ஞாயிறு காலை ஒலி குறைவாக இருக்கிறது, ஒன்பது மணிக்கு அடுத்த நிகழ்ச்சி வந்ததும் காதில் அடிக்கிறது என்று. அது நியாயமானது. ஒன்பது மணிக்கு முந்தின பத்து நொடியில் அமைப்பு மாறும்படி பொறியாளர் வைத்திருந்தார், அதை அடுத்த நிகழ்ச்சியின் முதல் நிமிடத்துக்குள் மெல்ல மாறும்படி திருத்தினார். முழுக்கத் தீரவில்லை.

ஜூலையில் ஒரு ஞாயிறு கணினி உண்மையாகவே உறைந்துபோனது. 60 நொடி மௌனம் போய், ஆர்கன் இசை வந்தது. மேலாளர் வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து நாலு நிமிடத்தில் சரிசெய்தார். நேயர்களிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

கையால் சரிசெய்வதற்கு ஒவ்வொரு வாரமும் இரண்டரை மணி நேரம் ஆகிறது. மேலாளர் இரண்டு முறை இது தேவையா என்று கேட்டார். அடுத்த வருடக் குருத்தோலை ஞாயிறன்று அதே வரிசையில், அதே இடைவெளியோடு, 'அக்னுஸ் தேயி'யும் பாக்கும் மத்தேயு பாடுகளும் முழுக்கப் போயின. நான் நிலையத்திலேயே உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோராலின் கடைசிச் சந்தத்தில், 'நீண்ட நேரம்' சிலுவையில் தொங்கினார் என்கிற வரிக்கு, பாக் வேகத்தை மேலும் குறைத்து 'அடாஜிஸிமோ' என்று எழுதியிருக்கிறார். முந்தின வருடம் யாருக்கும் போய்ச் சேராத இடம் அது.

மறுபடி செய்வதானால்

கருவி வாங்கும் பேச்சிலேயே நிகழ்ச்சி நடத்துபவர்களை உட்கார வைப்பேன். "உங்கள் நிகழ்ச்சியில் மிக அமைதியான அரை நிமிடம் எது?" என்ற ஒரு கேள்வியை ஜனவரியில் அந்த அம்மாவிடம் கேட்டிருந்தால் போதும், அவர் உடனே சொல்லியிருப்பார். சராசரியை அளக்கிற வேளையில் அந்த அரை நிமிடத்தையும் அளந்திருப்பேன். இப்போது வாராவாரம் கோப்பில் தாழ்ந்த 30 நொடியைத் தேடி அதன் அளவை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்.

நேயர் புகார்களை ஒரே காரணத்தில் கட்டிப்போட மாட்டேன். அமைதியான இடங்களில் ஏதோ நடக்கிறது என்று மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். அந்த அமைதியைப் பார்க்கிற கருவிகள் எத்தனை என்று எண்ணியிருந்தால் சென்சாரும் கணக்கில் வந்திருக்கும்.

மாற்று ஒலியில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. அந்த அம்மா முதலில் தந்த ஒரு மணி நேரத்தில் ஒரு ஈஸ்டர் கோரால் இருக்கிறது, ஜூலையில் அது வந்தபோது பரவாயில்லை, லெந்துவில் வந்தால் அவருக்குச் சம்மதமில்லை. லெந்துவுக்கு ஒன்று, மற்ற நாட்களுக்கு ஒன்று என்று இரண்டு வேண்டும். லெந்துவுக்கானதில் நாற்பது நிமிடம் பதிவு முடிந்திருக்கிறது. மீதி இருபது நிமிடத்துக்கு அவர் சபை ஆர்கனில் ட்யூனிங் முடிய வேண்டும், அக்டோபரில் ஆள் வருகிறார்.